இழுத்த கை

பத்மா: காலை எடுங்கோ.

அமர்நாத்: எந்தக் காலை?

பத்மா: வலது காலை. அங்கே பிரேக் கிடையாது. பிரேக் என் காலடியிலே இருக்கு.

அமர்நாத்: நான் ஒண்ணும் அமுக்கலையே.

பத்மா: அமுக்கினேள். அந்த லாரி குறுக்கே வந்தப்போ தரையிலே ஓட்டை விழற மாதிரி அமுக்கினேள். ஏண்டி ஜிஷா, பின்னாடி உட்கார்ந்துண்டு நீ பார்த்தியோ இல்லையோ?

ஜிஷா: பாத்தேன்க்கா. கையும் டேஷ்போர்டைப் பிடிச்சுச்சு.

அமர்நாத்: கையா? கை மடியிலேன்னா இருந்தது!

பத்மா: பார்த்தியா? செஞ்சதே தெரியாது இவருக்கு. கல்யாணம் ஆனதுலேர்ந்து இப்படித்தான். தூக்கத்திலே எழுந்து ஃபேனை அணைப்பார். கார்த்தாலே எழுந்து, 'யாருடி அணைச்சா'ன்னு என்கிட்டே சண்டைக்கு வருவார்.

அமர்நாத்: செரி செரி, ரோட்டைப் பாரு. கேப்டன் இந்தப் பக்கம் சும்மா உட்கார்ந்திருக்கான், நேத்திக்கு லைசென்ஸ் வாங்கினவள் ஓட்டறா. கலிகாலம்.

பத்மா: கேப்டன் காப்பி டம்ளரைப் பிடிச்சா பாதி சட்டைமேலே கொட்டறது. அந்தக் கையிலே ஸ்டீரிங்கைக் கொடுக்கணுமாக்கும்.

அமர்நாத்: அது தூக்கம் இல்லாததாலே.

பத்மா: தூக்கம் ஏன் இல்லே?

அமர்நாத்: ...ஜிஷா, உப்பேரி எடுத்துக்கோ. நல்ல நேந்திரங்காய். பத்மா வறுத்தது.

ஜிஷா: போதும் சார். இந்த வாசத்துல தொண்டைல எறங்க மாட்டேங்குது.

அமர்நாத்: இந்த வண்டியிலே யாருக்குத்தான் இறங்கும்? என்ன நாத்தம் இது பத்மா, புளிச்சுப்போன மாதிரி?

பத்மா: பால் பாக்கெட் உடைஞ்சுடுத்துன்னு சொன்னேனே.

ஜிஷா: வெறும் பால் இல்லக்கா. ஏலக்காய் வாசம் வருது. எங்க அப்பாவுக்கு மாட்டுப்பட்டி மாட்டுப் பண்ணையில வேலை. பால் எந்த நிலைமையில கெட்டாலும் எங்க வீட்டு மூக்குக்குத் தெரியும்.

பத்மா: உன் மூக்கை வெளியே நீட்டிக்கோடி. ஜன்னலைத் திறந்து விடறேன்... ஐயோ, நின்னுடுத்தே. முன்னாடி பூரா லாரி.

அமர்நாத்: வாளையார் செக்போஸ்ட் வந்துடுத்து, அதான். இனிமே எறும்பு மாதிரி ஊரணும். கோயம்புத்தூர்லே மத்தியானம் விசாரணை, இங்கே இப்படி.

ஜிஷா: நான் மூணாறுலருந்து உடுமலை வழியா நேரா கோயம்புத்தூர் போயிருப்பேன் சார். நீங்கதான் பாலக்காடு சுத்தி வரச் சொன்னீங்க.

அமர்நாத்: ரெண்டு பேரும் சேர்ந்து போனா நன்னாருக்கும்னுதான். ஒரு தடவை... எல்லாத்தையும் பார்த்துண்டு போகலாம் இல்லையா?

பத்மா: பார்த்துக்கோங்கோ. வண்டி இப்போ நகரப் போறதில்லே.

அமர்நாத்: செரி. நான்தான் விசாரணைக் கமிட்டி. "மிஸ் ஜிஷா, நீங்க அன்னிக்கு அந்த ஃப்ளைட்டிலே ஃபர்ஸ்ட் ஆபீசர். கொச்சியிலேர்ந்து வந்து கோயம்புத்தூர்லே இறங்கறச்சே என்ன நடந்தது?"

ஜிஷா: ராத்திரி நேரம். தூரத்துல ரன்வே விளக்கு தெரிஞ்சுச்சு. அதனால கருவி காட்டுற பாதையில சுத்திப் போகாம, கண்ணால பாத்தே இறங்குறோம்னு கேப்டன் கேட்டாரு. டவர்ல சரின்னாங்க.

அமர்நாத்: "அப்புறம்?"

ஜிஷா: இடது பக்கம் திரும்பினோம். கொஞ்ச நேரத்துல அலாரம். 'டெரைன், டெரைன், புல் அப்'.

பத்மா: அப்படின்னா?

அமர்நாத்: எதிர்லே தரை இருக்கு, மேலே இழுன்னு அர்த்தம். நடுவிலே பேசாதே. "அலாரம் கேட்டதும்?"

ஜிஷா: கேட்டதும்... கேப்டன்...

அமர்நாத்: "ம்?"

ஜிஷா: கேப்டன் உடனே இழுத்தாரு. மேல ஏறினோம். சுத்தி வந்து ஒழுங்கா இறங்கினோம்.

அமர்நாத்: பலே. அந்த 'கேப்டன்'கிட்டே மட்டும் ஏன் முழுங்கறே? கடகடன்னு சொல்லு.

ஜிஷா: சொல்றேன் சார்.

பத்மா: ஏன்னா, ஒண்ணு கேக்கட்டுமா?

அமர்நாத்: கேக்காதே.

பத்மா: நடந்தது இதுதான்னா, ரெண்டு பேரும் ஏன் பரீட்சைக்குப் போற மாதிரி மனப்பாடம் பண்றேள்?

அமர்நாத்: லாரி நகர்றதா பாரு.

பத்மா: ஜிஷா?

ஜிஷா: சார் சொல்லட்டும்க்கா.

பத்மா: சார் என்கிட்டே முழுங்காம ஜம்பமான்னா சொன்னார். 'அலாரம் அடிச்சுது, ஒரே இழுப்பு, ஒரு பேசஞ்சர் கையிலே இருந்த தண்ணிகூடத் தளும்பலை'ன்னார். எதிராத்து மாமாகிட்டே கையை ஆட்டி ஆட்டி நடிச்சே காட்டினார்.

அமர்நாத்: பத்மா... போறும்.

பத்மா: போறாது. நீங்கோ ராத்திரி பூரா முழிச்சுண்டு விட்டத்தைப் பார்க்கறேள். நான் பக்கத்திலே தூங்கற மாதிரி படுத்துண்டு உங்களைப் பார்க்கறேன். எத்தனை நாள் இப்படி? என்ன ஆச்சுன்னு இங்கேயே சொல்லுங்கோ. லாரி நகர்ற வரைக்கும் வேற வேலை ஒண்ணும் இல்லே.

அமர்நாத்: இழுத்தது நான் இல்லே.

பத்மா: பின்னே?

அமர்நாத்: இவள்.

பத்மா: ஜிஷாவா?

அமர்நாத்: நான் அலாரத்தோட தர்க்கம் பண்ணிண்டிருந்தேன் பத்மா. 'பொய் அலாரம், வெறுதே கத்தறது'ன்னு. ராத்திரியிலே அந்த அலாரம் கேட்டா யோசிக்கவே கூடாது. பகல்லே, மலையை நன்னாக் கண்ணாலே பார்த்துண்டிருந்தா மட்டும்தான் நம்ம புத்திக்கு வேலை. ராத்திரியிலே புத்திக்கு லீவு. இழு, அவ்வளவுதான். நானே எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கேன்!

பத்மா: தெரிஞ்சுமா?

அமர்நாத்: நம்ம ஊர் இல்லையா... இந்தக் கணவாயிலே பொறந்து வளர்ந்தவன் நான். எங்கே மலை இருக்கு, எங்கே வெறும் காத்து இருக்குன்னு ஒரு மெஷினா எனக்குச் சொல்றதுன்னு இருந்தது. ஏதோ வடக்கேர்ந்து வந்த பைலட்டா இருந்தா பயந்துண்டு அப்பவே தூக்கியிருப்பான்.

பத்மா: ரன்வே விளக்கு தெரிஞ்சுதுன்னேளே?

அமர்நாத்: தெரிஞ்சுது. அப்புறம் ஒண்ணொண்ணா அணைய ஆரம்பிச்சுது. கோயம்புத்தூர்லே கரண்ட் போயிடுத்துன்னு நெனச்சேன்.

பத்மா: கரண்டா?

அமர்நாத்: கரண்ட் இல்லே. நடுவிலே மலை வந்து மறைச்சுண்டிருந்தது. இருட்டிலே மலை தெரியாது பத்மா. விளக்கு இல்லாத இடம், அவ்வளவுதான். விளக்கு இல்லாத இடத்தை நாம வெறும் இடம்னு நெனச்சுக்கறோம்.

பத்மா: ஈஸ்வரா...

அமர்நாத்: அப்போ என் கையிலே கண்ட்ரோல் தானே பின்னாடி வந்தது. ரெண்டு சீட்டுக்கும் இருக்கறது ஒண்ணோட ஒண்ணு கோத்தது. அந்தப் பக்கம் இழுத்தா இந்தப் பக்கமும் வரும். எனக்குப் புரிஞ்சுபோச்சு. இந்தக் குட்டி இழுத்துட்டா. நான் வாய் பேசிண்டிருந்தேன், இவள் காரியம் பண்ணிட்டா. இறங்கினப்புறம் அவள் தோள்லே தட்டி, 'நன்னா இழுத்தேடி'ன்னேன். இல்லையா ஜிஷா?

ஜிஷா: ...தட்டினீங்க சார்.

பத்மா: ஜிஷா, உன் கையைக் கொடு.

ஜிஷா: அக்கா, ஸ்டீரிங்...

பத்மா: வண்டிதான் நின்னுண்டிருக்கே. கொடுடி. இந்தக் கை... இந்தக் கையாலேன்னா என் தாலி இருக்கு! ஏன்னா, இந்தக் கைக்கு ரெண்டு தங்க வளை போடணும்.

ஜிஷா: ஐயோ, வேண்டாம்க்கா! கையை விடுங்க.

பத்மா: வெக்கத்தைப் பாரு. உங்க அம்மாகிட்டே சொன்னியோ?

ஜிஷா: கேப்டன் என்னைப் பாராட்டினாருன்னு மட்டும்தான் சொன்னேன். அதுக்கே அம்மா ஞாயித்துக்கெழம சர்ச்சுல எந்திரிச்சு நின்னு சாட்சி சொல்லிட்டாக. 'என் மக கையை ஆண்டவர் பிடிச்சு இழுக்க வெச்சாரு'ன்னு. எஸ்டேட்டே கை தட்டுச்சு. பாஸ்டர் அதை வெச்சே பிரசங்கம் பண்ணிட்டாரு. நான் பாட்டுப் புத்தகத்தை மூஞ்சிக்கு மேல பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

பத்மா: பின்னே, இவ்வளவு நல்ல காரியத்தைப் பண்ணிட்டு விசாரணையிலே ஏன் இவர் பண்ணினார்னு சொல்லப் போறே?

ஜிஷா: சார் கேட்டாங்க.

பத்மா: இவர் கேட்டா? கிணத்திலே குதின்னா குதிப்பியோ?

அமர்நாத்: பத்மா, நான் அலாரத்தைக் கேட்டும் இழுக்கலைன்னு தெரிஞ்சா, கேப்டன் சீட் போச்சு. இனிமே யார் பக்கத்திலேயாவது உட்கார்ந்துண்டு 'யெஸ் கேப்டன்'னு சொல்லிண்டிருக்கணும். இல்லே, வீட்டிலேதான். இந்தக் குட்டிக்கு வயசு இருக்கு. ஒரு பேர் போனா இன்னொண்ணு வரும். எனக்கு அப்படியா?

பத்மா: வெக்கமா இல்லே உங்களுக்கு?

அமர்நாத்: இருக்கு. அதனாலேதான் தூக்கம் இல்லே.

பத்மா: காக்பிட்டிலே பேசறதெல்லாம் ரெகார்டு ஆகுமே?

அமர்நாத்: அந்த ப்ளேன் அப்புறமும் பறந்துண்டேதான் இருந்தது. பழைய பேச்சுமேலே புதுப் பேச்சு ஏறிடுத்தாம். எவ்வளவு உயரம், எப்போ திரும்பினோம், எப்போ ஏறினோம், இது மட்டும்தான் அவா கையிலே இருக்கு. எந்தக் கைன்னு இல்லே.

ஜிஷா: சார்... எப்பத் திரும்பினோம்னு இருக்கே. அதைக் கேப்பாங்க. ஏன் அவ்வளவு சீக்கிரம் திரும்பினீங்கன்னு. அதுக்கு என்ன சொல்லணும்?

அமர்நாத்: மேகம். மேகத்தை ஒதுக்கறதுக்காகக் கொஞ்சம் முன்னாடியே திரும்பினோம்.

பத்மா: மேகமா? அன்னிக்கு ராத்திரியா? நட்சத்திரம் எல்லாம் அரிசி கொட்டின மாதிரி இருந்ததே. ஒரு துண்டு மேகம் கிடையாது.

அமர்நாத்: உனக்கு எப்படித் தெரியும்? கொச்சியிலேர்ந்து போன் பண்ணினப்போ அபயாம்பாள் மாமியாத்திலே பஜனைக்குப் போறேன்னியே?

பத்மா: ...பஜனை மொட்டை மாடியிலே.

அமர்நாத்: அந்த மாமிக்கு முட்டிவலி. மாடி ஏறறதே இல்லே.

பத்மா: என்னை ஏன் துருவறேள்? உங்களைக் கேட்டா நீங்கோ சொல்லுங்கோ. ஏன் திரும்பினேள்?

அமர்நாத்: சொன்னா சிரிப்பேள்.

ஜிஷா: சிரிக்க மாட்டோம் சார்.

அமர்நாத்: இதோ, இதைப் பார்த்துத்தான்.

பத்மா: எதை?

அமர்நாத்: இந்த லாரி வரிசையை. மேலேர்ந்து பார்த்தா ராத்திரியிலே இது ஒரு மாலை மாதிரி தெரியும். பாலக்காடு தாண்டினதும் ஆரம்பிக்கும், வாளையார் வந்ததும் டக்குன்னு நின்னுடும். அந்த முனை வரைக்கும் நேரா வரணும். முனைக்கு மேலே வந்ததும் இடது பக்கம் திரும்பினா ரன்வே மூக்குக்கு நேரா இருக்கும், மலை பின்னாடி போயிருக்கும். எந்தப் படத்திலேயும் இது கிடையாது. நானே கண்டுபிடிச்சது. எப்பவும் அப்படித்தான் திரும்புவேன்.

ஜிஷா: லாரியப் பாத்தா சார்?

அமர்நாத்: சிரிக்க மாட்டேன்னியே.

ஜிஷா: சிரிக்கல சார். அன்னைக்குப் பக்கத்து சீட்டுல நான்தான இருந்தேன்.

அமர்நாத்: ஒரு நாளும் தப்பினதில்லே. அன்னிக்கும் முனையைப் பார்த்தேன். அதுக்கு அந்தாண்டை சுத்தமா இருட்டு. சாட்சாத் வாளையார்தான்னு திரும்பினேன். ஆனா மலை முன்னாடி வந்து நிக்கறது! எனக்கு இன்னிய வரைக்கும் புரியலை. வாளையார் நகர்ந்தா போகும்?

பத்மா: ...ஏன்னா.

அமர்நாத்: ம்.

பத்மா: ஒருவேளை அது வாளையார் இல்லாம கஞ்சிக்கோடா இருந்திருந்தா?

அமர்நாத்: கஞ்சிக்கோடு இதுக்கு முன்னாடின்னா இருக்கு. அங்கே திரும்பினா நேரா மலைதான். ஆனா கஞ்சிக்கோட்டிலே வரிசை முடியாதே. அங்கே லாரி நிக்காதே.

பத்மா: அன்னிக்கு நின்னுது.

அமர்நாத்: யார் சொன்னா?

பத்மா: நான்தான் நிறுத்தினேன்.

அமர்நாத்: என்னது?

பத்மா: கத்தாதீங்கோ. அன்னிக்கு உங்க நட்சத்திரப் பிறந்தநாள். நீங்கோ மறந்துட்டேள். நான் பால்பாயசம் வெச்சு, சம்புடத்திலே எடுத்துண்டு, ஏர்போர்ட்டுக்கே வந்து நின்னு உங்களை அசத்தலாம்னு...

அமர்நாத்: ஹைவேயிலே வண்டியைத் தொடக்கூடாதுன்னு சொல்லியிருந்தேனே!

பத்மா: அதனாலேதான் பஜனைன்னு சொன்னேன். கஞ்சிக்கோட்டிலே ரோடு வேலைக்காக ஒரு பக்கத்தை அடைச்சிருந்தா. ஒத்தை வண்டி போற வழி. சரியா அதுக்குள்ளே போய் ஆஃப் ஆயிடுத்து. ஸ்டார்ட் பண்ணினா உறுமறது, ஆனா நகரலை. பின்னாடி ஒரு லாரி வந்து லேசா ஒரு முத்தம் கொடுத்தது. பாயசம் பூரா சீட்டிலே. லாரிக்காரன் இறங்கி, 'எந்தா சேச்சி, ஹாண்ட்பிரேக் இட்டிட்டுண்டல்லோ'ன்னான்.

அமர்நாத்: ஹாண்ட்பிரேக்கைப் போட்டுண்டு ஓட்டினியா?

பத்மா: எடுக்க மறந்துட்டேன். அதுக்குள்ளே பின்னாடி கண்ணுக்கெட்டின தூரம் லாரி. எல்லாம் ஹெட்லைட்டைப் போட்டுண்டு, ஹாரன் அடிச்சுண்டு. முன்னாடி ஈ காக்காய் இல்லே. கும்மிருட்டு. நான் நடுரோட்டிலே நின்னுண்டு மேலே பார்த்தேன். நட்சத்திரம்... அப்புறம் ஒரு ப்ளேன். தலைக்கு மேலே வந்து இடது பக்கமா திரும்பித்து.

அமர்நாத்: ஐயோ.

பத்மா: 'இவர் வந்துட்டார், நான் இங்கே நிக்கறேனே'ன்னு அழுகையா வந்தது. கையைக்கூட ஆட்டினேன்.

ஜிஷா: அப்போ... அந்த வரிசையோட முனையில இருந்த விளக்கு...

பத்மா: நம்ம வண்டி. இதே வண்டி.

அமர்நாத்: என் பொண்டாட்டியைப் பார்த்துத் திரும்பியிருக்கேன். பம்பரிலே கீறல்? தேரடியிலே ஆட்டோக்காரன் உரசினான்னியே?

பத்மா: ஆட்டோக்காரன் பாவம். நாலு ஏச்சு ஏசிட்டேள் அவனை.

அமர்நாத்: சிரிக்கறதா அழறதான்னு தெரியலை. இரு, இரு... இதுலே ஒரு விஷயம் இருக்கு! அப்போ என் பேரிலே தப்பு இல்லே! வரிசைதான் இடம் மாறியிருக்கு! கமிட்டிகிட்டே இதைச் சொன்னா...

ஜிஷா: என்னன்னு சார் சொல்லுவீங்க? 'லாரியப் பாத்துத்தான் ப்ளேன் ஓட்டுறேன். எம் பொண்டாட்டி ஹாண்ட்பிரேக் எடுக்க மறந்ததால திசை மாறிப்போச்சு'ன்னா?

பத்மா: என் பேரைச் சொன்னேளோ, நான் இங்கேயே இறங்கி நடந்துடுவேன்.

அமர்நாத்: இல்லே. சொல்லலை. ...பத்மா, நான் மலையிலே போய் மோதியிருந்தா, நீ அந்த வெளிச்சத்தைப் பார்த்திருப்பே.

பத்மா: அதைத்தான் இத்தனை நேரமா நெனச்சுண்டிருக்கேன். பேசாதீங்கோ. எனக்குப் பயமா இருக்குன்னா.

அமர்நாத்: எனக்கும்தான். அன்னிலேர்ந்து. ...ஜிஷா.

ஜிஷா: சார்.

அமர்நாத்: மனப்பாடம் பண்ணினதை மறந்துடு. நான் உள்ளதைச் சொல்லிடப் போறேன்.

ஜிஷா: எந்த உள்ளதை சார்?

அமர்நாத்: இழுத்தது நீன்னு. நான் சும்மா இருந்தேன், என் ஃபர்ஸ்ட் ஆபீசர்தான் அத்தனை பேரையும் காப்பாத்தினாள்னு. சீட் போனாப் போறது.

ஜிஷா: சார், வேண்டாம் சார்!

பத்மா: இப்போதான் நீங்கோ மனுஷர்.

ஜிஷா: அக்கா, நீங்க சும்மா இருங்க. சார், பழைய கதையையே சொல்லுங்க. கேப்டன் உடனே இழுத்தாரு. அவ்வளவுதான். நான் முழுங்காம கடகடன்னு சொல்றேன். இப்பவே வேணா சொல்லிக் காட்டறேன்.

அமர்நாத்: உன் பேரிலே நான் பொழைக்கறதா? போறும்மா. உனக்கு மெடல் கொடுப்பா. பேப்பர்லே போட்டோ வரும். உங்க அம்மா இன்னொரு சாட்சி சொல்லுவா.

ஜிஷா: அதுதான் சார் வேண்டாங்கறேன்!

பத்மா: எவ்வளவு பெரிய மனசு பாருங்கோ. தனக்கு வர பேரைக்கூட வேண்டாங்கறா, உங்க சீட்டுக்காக.

ஜிஷா: பெரிய மனசெல்லாம் இல்லக்கா... அதெல்லாம் ஒண்ணும் இல்ல... சார், நீங்க நெனைக்கிற மாதிரி...

அமர்நாத்: அழாதேடி குட்டி. முடிவு பண்ணியாச்சு. நான் இதுவரைக்கும் பண்ணின ஒரே நல்ல காரியமா இது இருக்கட்டும். இன்னிக்கு ராத்திரியாவது தூங்கறேன்.

ஜிஷா: ஐயோ, அக்கா! முன்னாடி! அந்த சிமெண்டு லாரி பின்னாடி வருது! உருண்டு வருது!

பத்மா: கிருஷ்ணா...

ஜிஷா: ஹாரன்! ஹாரன் அடிங்கக்கா!

பத்மா: ...

அமர்நாத்: ...

ஜிஷா: நின்னுருச்சு. அப்பாடா. ஒரு சாண்தான் பாக்கி.

பத்மா: எனக்குக் கை வரவே இல்லே. அப்படியே மரத்துப்போச்சு.

அமர்நாத்: பின்னே ஹாரன் யார் அடிச்சா? காது கிழிஞ்சுதே.

பத்மா: நீங்கோதான்.

அமர்நாத்: நானா? நான் அந்த லாரி நம்பர் பிளேட்டையேன்னா பார்த்துண்டிருந்தேன்.

பத்மா: என் கையைத் தள்ளிவிட்டு நீங்கோதான் அடிச்சேள். இதோ, இன்னும் கை ஹாரன் மேலேயேதான் இருக்கு. எடுங்கோ.

அமர்நாத்: அட.

ஜிஷா: சார்...

அமர்நாத்: என்னம்மா?

ஜிஷா: அன்னைக்கும் இப்படித்தான் சார். உங்க வாய் 'பொய் அலாரம், பொய் அலாரம்'னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. கை அது பாட்டுக்கு இழுத்துச்சு. நீங்க தோள்ல தட்டினப்பவே சொல்லியிருக்கணும். எனக்கு வாய் வரல. இழுத்தது நீங்கதான் சார். 'அந்த நேரம் உன் கை எங்கம்மா இருந்துச்சு'ன்னு மத்தியானம் கமிட்டில கேட்டா, அதுக்குத்தான் எனக்குப் பதில் இல்ல... என் ரெண்டு கையும் எம் மூஞ்சியில இருந்துச்சு. 'இயேசப்பா'ன்னு பொத்திக்கிட்டு உக்காந்திருந்தேன். நீங்க இழுத்ததையே விரல் சந்துலதான் சார் பாத்தேன்.